அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருந்தன. கீழே நாங்கள், மேலே வெள்ளைக்காரர்கள். தொண்ணூறுகளின் கடைசியில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்துகளில் பாதி வீடுகள் அப்படித்தான். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வந்து இறங்குவார்கள், வெயில் ஏறும்வரை இருப்பார்கள், மாசி முடிந்தால் அறைகள் காலி. அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே இறந்துபோனார். அவர் கட்டிவைத்த அந்த இரண்டு அறைகளின் வாடகையில்தான் அண்ணன் இன்ஜினீயரிங் முடித்து சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான், நானும் பி.ஏ. இங்கிலீஷ் படித்தேன்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். மாடியோடு பேச வேண்டியதை எல்லாம் ஒரு கைப்பிடி வார்த்தைகளில் முடித்துக்கொள்வாள். "வாட்டர் கமிங்." "கரண்ட் கோயிங்." "மங்கி கமிங், டோர் குளோஸ்." காலையில் அண்டாவில் வெந்நீர் கொதித்ததும் மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து, "ஹாட் வாட்டர் ரெடி. ரூம் கம்ஃபர்டபிள்?" என்பாள். அந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து அவளுக்குக் கிடைத்தது என்று தெரியாது. யாரோ காலி பண்ணும்போது விட்டுவிட்டுப் போன ஷாம்பு பாட்டில் மாதிரி அவளிடம் தங்கிவிட்டது.

அண்ணன் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் அதை நடித்துக் காட்டுவான். இடுப்பில் கை வைத்து, தலையை அண்ணாந்து, அதே ராகத்தில். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அவன் ஊரில் இருக்கும் நாட்களில் படியடியில் போய் நிற்கமாட்டாள். "நீ போய்ச் சொல்லுடி, எனக்கு வேலை இருக்குது" என்று என்னை அனுப்புவாள்.

எனக்கு அப்போது வார்த்தைப் பைத்தியம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கடலை வாங்கிய பொட்டலம் இங்கிலீஷ் பேப்பராக இருந்தால் கழுத்தை வளைத்துப் படிப்பேன். ஒரு புது வார்த்தை கிடைத்துவிட்டால் அன்றைக்குப் பசி தெரியாது. கல்லூரியில் பாங்க் பரீட்சைக்குத் தயாரானவர்கள் கைடை மடியில் வைத்துக்கொண்டு வார்த்தையும் அர்த்தமுமாக மனப்பாடம் பண்ணுவார்கள். அடுத்த வாரம் கேட்டால் அர்த்தம் இருக்கும், வார்த்தை ஓடிப்போயிருக்கும். இல்லாவிட்டால் இரண்டும் இருக்கும், ஜோடி மாறியிருக்கும். பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நமக்கு நடந்த ஏதோ ஒன்றின்மேல் போய் உட்கார்ந்தால்தான் ஒரு வார்த்தை தங்கும்.

எண்ணம் வந்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அந்த வாரமே எங்கள் கூடத்தில் பாய் விரித்து சாயங்கால வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். ஆசிரமத்துக்கு எதிர் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் சிலர், பக்கத்துத் தெருத் தையல்கடை அக்கா, இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லாருக்கும் வெள்ளைக்காரர்களோடுதான் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஒரே வார்த்தை. விதியும் ஒன்றுதான். அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அது அன்றைக்கு உங்களுக்கு நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். இலக்கணம் உடைந்தால் பரவாயில்லை. பொய் கூடாது.

"நெஜத்ததான் சொல்லணும்னா இன்னாத்துக்கு டீச்சரம்மா கிளாஸு, நேரா கோர்ட்டுக்கே போயிடலாமே," என்றார் ஒரு ஆட்டோ அண்ணன். வகுப்புக்கு முதலில் வருபவரும் அவர்தான், முதலில் தூங்குபவரும் அவர்தான்.

அன்றைய வார்த்தை 'ரிலக்டன்ட்'. அரைமனசு என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் தலையைச் சொறிந்து, கூரையைப் பார்த்து, கடைசியில் சொன்னார்: "ஐ ஆம் ரிலக்டன்ட் கோ ஹோம். ஒய்ஃப் நாட் ரிலக்டன்ட் ஆஸ்க் வேர் யூ வென்ட்."

"இருண்ணா, நாளைக்கு அண்ணியையும் இட்டுகினு வந்து இந்தக் கிளாஸுல சேத்துடறேன்," என்றாள் தையல்கடை அக்கா.

அம்மா வகுப்புக்கு வந்து உட்காரவில்லை. அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ இருப்பாள். முதல் சில வாரம் அவள் கேட்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு தோசையைத் தட்டில் போட்டபடி, "டெம்பரரி," என்றாள்.

"என்னாம்மா?"

"இன்னிக்கு வார்த்தை அதானே. ரூம் பீப்பிள் டெம்பரரி. நீயும் டெம்பரரி, கல்யாணம் பண்ணா போயிடுவ. அண்டா பர்மனென்ட்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளுடைய வாக்கியம் வரும். 'ஹைட்' சொல்லிக்கொடுத்த அன்றைக்கு: "ஐ ஹைட் முறுக்கு. மங்கி நாட் நோ. டாட்டர் நோ." பாசாங்கு என்று அர்த்தம் சொல்லி 'ப்ரிடென்ட்' கற்றுக்கொடுத்த அன்றைக்கு அடுப்பைத் தணித்துவிட்டு, "சன் ஃபோன். ஐ ப்ரிடென்ட் ஐ ஈட்," என்றாள்.

"ஏன், சாப்பிடலையா நீ?"

"அப்ப பசிக்கல. சாப்ட்டேன்னு சொன்னாதான் வைப்பான் ஃபோனை. நீ உன் விதியக் கேட்ட, நான் நெஜத்த சொன்னேன். இப்ப எதுக்கு விசாரணை?"

அண்ணனுக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "எங்க பேசு பாக்கலாம்னு உக்கார வச்சிடுவான். எனக்குப் பேச வராது. கேக்கறதுக்குத்தான் வரும்."

கேட்பது அவளுக்கு எவ்வளவு வந்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது அடுத்த சீசனில். மாடியில் ஒரு ஜோடி தங்கியிருந்தது. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று அடித்தொண்டையில் சண்டை போட்டார்கள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அம்மா கீழே வற்றல் பரப்பிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். ஊருக்குப் போணும்ங்கறா. தியானம் முடியாம போகக்கூடாதுங்கறான் இவன். போகட்டுமே பாவம்."

சாயங்காலம் அந்தப் பெண் பையோடு கீழே இறங்கி வந்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் நாலு வாழைப்பழத்தைப் பையில் திணித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னுடைய முறை ஜெயித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல முடியாது, அண்ணன் காதுக்குப் போய்விடும்.

அந்த நாட்களில் நான் எழுதிக்கொண்டும் இருந்தேன், இங்கிலீஷில்தான். சேர்த்துவைத்த வார்த்தைகளை எல்லாம் எங்காவது இறக்கிவைக்க வேண்டாமா. மலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் மலை என்னென்னவோ பண்ணும், தியானிக்கும், கர்ஜிக்கும், பிரபஞ்சத்தைத் தழுவும். வரிவரியாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாதான் இருக்குது. இதுல நீ எங்கடி இருக்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் படித்துக் காட்டவில்லை. அதற்குப் பிறகு எழுதிய எதிலும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது. முதலில் சூடு என்றாள், மோர் குடித்தாள். பிறகு சாப்பாடு கம்மியானது. ரவிக்கை தோளில் நிற்காமல் இறங்கியது. தையல்கடை அக்கா பிடித்துக் கொடுத்தாள், மறுபடி பிடித்துக் கொடுத்தாள், மூன்றாவது முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டரண்ட காட்டினியா?" என்றாள். ஊரில் பார்த்த டாக்டர் வேலூருக்குப் போகச் சொன்னார். அண்ணன் சென்னையிலிருந்து நேராக வேலூர் வந்துவிட்டான். நாலைந்து நாள் பரிசோதனை, ஸ்கேன், வார்டில் ஒரு கட்டில்.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை வைத்துக்கொண்டு கெட்ட செய்தி பேச வேண்டிவந்தால், படித்தவர்கள் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள். வெளியே கூப்பிட்டுப் பேசினால் படுத்திருப்பவருக்குச் சந்தேகம் வரும். பக்கத்திலேயே நின்று, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினால் மருந்து, மாத்திரை, ரூம் வாடகை என்று எதையோ நினைத்துக்கொள்வார். பெரியப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மருமகன், இந்தப் பக்கம் மகன், அவருக்கு மேலே பேச்சு போய்க்கொண்டிருந்தது. அவர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி படுத்திருந்தார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அன்பு என்றுதான் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

டாக்டரம்மா இளவயசுக்காரர், மலையாளம் கலந்த தமிழ். அண்ணனைப் பார்த்து, வெளியே போய்ப் பேசலாமா என்று இங்கிலீஷில் கேட்டார். "பரவாயில்லை டாக்டர். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இங்கேயே சொல்லுங்க," என்றான் அண்ணன், இங்கிலீஷில். அவ்வளவு சட்டென்று, அவ்வளவு உறுதியாக. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னது நீளமில்லை. கணையத்தில் ஆரம்பித்து ஈரலுக்கும் பரவியிருக்கிறது. ஆபரேஷனுக்கு வழியில்லை. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், பெரிதாகப் பலன் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாதங்கள்தான். வலி இல்லாமல் 'கம்ஃபர்டபிளாக' வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தக் 'கம்ஃபர்டபிள்' வந்தபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் போர்வையின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் முடித்ததும் நிமிர்ந்து, "என்னாப்பா சொல்றாங்க டாக்டரம்மா?" என்று அண்ணனைக் கேட்டாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா. வயித்துல புண்ணாம். மருந்து சாப்ட்டா சரியாயிடும்னு சொல்றாங்க."

"அப்படியா. நல்லதாப் போச்சு," என்றாள்.

அண்ணன் மருந்துச் சீட்டோடு கீழே போனான். அவன் செருப்புச் சத்தம் மறையும்வரை அம்மா வாசலையே பார்த்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாசம்னாங்களே. எவ்ளோ மாசம்னு சொன்னாங்களா? அந்த எடத்துல வேகமாப் பேசிட்டாங்க, எனக்குப் புடிபடல."

நான் தலையணையைத் தட்டிச் சரிசெய்தேன். அவள் காத்திருந்தாள்.

"சரியா சொல்ல முடியாதுன்னு சொன்னாங்கம்மா."

"உம்." நூலை விரலிலிருந்து கழற்றினாள். "அழாத. அவன் வந்துடுவான். மூஞ்சியக் கழுவிக்கினு வா."

முகம் கழுவிக்கொண்டு வந்தேன். "இதப் பாரு," என்றாள். "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியக்கூடாது. நீ வாயத் தொறக்கக்கூடாது. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கற ஒண்ணப் புடிச்சிக்கினுதான் நின்னுக்கினு இருக்கான் அவன். அதையும் புடுங்கிட்டா உக்காந்துடுவான்."

வேலூரிலிருந்து வாடகைக் காரில் திரும்பினோம். அண்ணன் முன் சீட்டில், பின்னால் அம்மாவும் நானும். கண்ணமங்கலம் தாண்டியதும் அவன் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தான். சென்னையில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்து வைத்திருக்கிறானாம். மருந்து ஏற்றலாம். அம்மாவைத் தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போகப்போகிறான். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க அவனால் முடியாது.

நானும் இங்கிலீஷில் சொன்னேன். வேலூர் டாக்டரம்மா நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாரே, அம்மாவுக்கு எது வேண்டும் என்று அம்மாவையே கேட்கலாமே என்றேன்.

"என்னவென்று கேட்பது?" அவன் இங்கிலீஷ் உடைந்துகொண்டே வந்தது. "நீ சாகப்போகிறாய், எங்கே சாக விரும்புகிறாய் என்றா? நீ கேட்பாயா? இத்தனை வருஷம் யார் யாருக்கோ வெந்நீர் சுமந்தாள். கடைசியில் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன் என்று ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டு இருக்கவா?"

அம்மா என் பக்கத்தில் ஜன்னல் வழியாக வேர்க்கடலை பிடுங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் முன்னால்தான் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில், "ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல சண்ட போடாதீங்கப்பா. எனக்குத் தல வலிக்குது," என்றாள். அண்ணன் உடனே திரும்பிக்கொண்டான். டிரைவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அண்டாவுக்கு அடியில் விறகைத் தள்ளிவிட்டபடி சொன்னாள், தனக்கு இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று. மெட்ராஸ் வேண்டாம், ஊசி வேண்டாம். மலை தெரிகிற மாதிரி கூடத்தில் கட்டிலைப் போட்டால் போதும்.

"அப்ப அண்ணங்கிட்ட சொல்லும்மா."

"எப்படிச் சொல்றது? புண்ணுதான்னு சொல்லியிருக்கான். புண்ணுன்னா வைத்தியத்துக்கு வரமாட்டேன்னு சொல்ல முடியுமா?"

ஆனாலும் முயற்சி பண்ணினாள். காரணத்தைச் சொல்லாமல் கேட்க வேண்டியிருந்தது. தீபத்துக்கு ரூம் சொல்லியிருக்காங்கப்பா என்றாள். ரூமை இவ பாத்துக்குவா என்றான் அவன். வெந்நீர் யார் போடறது என்றாள். ஹீட்டர் வச்சிடலாம் என்றான். அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்காது. கேன் தண்ணி வாங்கலாம்மா. லிஃப்ட்டுல எனக்கு மயக்கம் வரும். முதல் மாடிதாம்மா. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரே ஒரு வாக்கியத்தை இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வருவது தெரிந்தது. அவள் அதைச் சொன்னால் வீட்டிலேயே இருந்துவிடலாம். சொல்லவில்லை. கடைசியில், "சரிப்பா, போலாம். நீ சொன்னா சரி," என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ அண்ணன்தான் கொண்டுவிட்டார். வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. "சீக்கிரம் வந்துடும்மா. கிளாஸ்ல உன் சென்டன்ஸ் இல்லாம போரடிக்கும்," என்றார். என் வழியாக அவர் காதுக்கும் அம்மாவின் வாக்கியங்கள் போயிருந்தன. அண்ணன், "என்ன சென்டன்ஸ்?" என்றான். அம்மா, "அவர் எதையாவது சொல்வார்ப்பா. நீ பெட்டிய எறக்கு," என்றாள்.

சென்னையில் மூன்று மாதம் இருந்தாள். நான் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போவேன். மருந்து ஏற்றிய வாரங்களில் வாயெல்லாம் வெந்து தண்ணீர்கூட இறங்காது. தலைமுடி தலையணையில் கிடக்கும். அண்ணன் ஆபீஸுக்கு லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுப்பான், வாந்தியைத் துடைப்பான், "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா, அப்புறம் பாரு, பழைய மாதிரி ஆயிடுவ," என்பான். அம்மா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுவாள். அவன் குளிக்கப் போன நேரத்தில் ஒரு நாள் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடறேம்மா அவங்கிட்ட. ஊருக்குப் போயிடலாம்," என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள். "நேத்து அவன் கஞ்சி வைக்கும்போது பாட்டு முணுமுணுத்தான்டி. சின்னதுல பாடுவான். எவ்ளோ வருஷமாச்சு கேட்டு," என்றாள்.

மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரும் அவள் தலைக்கு மேலே இங்கிலீஷில் பேசினார். இனிமேல் ஏற்றுவதில் பிரயோஜனமில்லை என்றார். அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அண்ணன் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். வெகுநேரம் அவள் கால் செருப்பைச் சரிசெய்வதுபோல என்னவோ செய்தான். பிறகு, "அம்மா, மருந்து போதுமாம். கொஞ்ச நாள் ஊர்ல போய் இருக்கலாமா?" என்று கேட்டான்.

மூன்று மாதமாக அவள் காத்திருந்த கேள்வி அது. "உனக்கு லீவு கெடைக்குமாப்பா?" என்றாள்.

"கெடைக்கும்மா."

"அப்ப போலாம். உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

கூடத்தில் மலை தெரியும்படி கட்டிலைப் போட்டோம். சீசன் முடிந்து மாடி காலியாகிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் வந்து தங்கும் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் மட்டும் இருந்தார். தினமும் காலையில் கீழே இறங்கிவந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். எப்படியிருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்பார். அண்ணன் பக்கத்தில் இருந்தால் அம்மா, "டுடே லிட்டில் ஓகே. ஹாட் வாட்டர் டாட்டர் கிவிங்," என்று பழைய கைப்பிடி வார்த்தைகளுக்குள் நின்றுகொள்வாள். அவன் சிரிப்பான், அவளுக்கு அது பிடிக்கும். அவன் கடைக்குப் போயிருந்த ஒரு காலை, அந்த அம்மாள் அதே கேள்வியைக் கேட்டபோது, அம்மா அவர் முகத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "ஐ ஆம் கோயிங். சன் நாட் நோ ஐ நோ." அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தார்.

மாடிக்காரர்களிடம் அந்தக் கைப்பிடி வார்த்தைகளைத் தாண்டி அவள் பேசிய இங்கிலீஷ் அது ஒன்றுதான். என்னைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொல்லாததும் அதுதான். வகுப்புக்கு வைத்திருந்த விதியின்படி பார்த்தால் முழு மார்க் போட வேண்டிய வாக்கியம். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

பங்குனியில் ஒரு விடியற்காலை போய்விட்டாள். அண்ணன் கையில்தான்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, அண்ணனும் நானும் பந்தல் பிரித்த வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் நிம்மதி," என்றான். "கடைசி வரைக்கும் அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பயமில்லாம போயிட்டாங்க. அந்த மட்டும் நான் பண்ணிட்டேன்."

"ஆமாண்ணா," என்றேன்.

அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்கலாமா என்று நான் யோசிக்காத வாரமில்லை. அவனுக்கு அவளைத் தெரியவில்லையே என்று ஒரு நாள் ஆத்திரம் வரும். அவள் அத்தனை வலியையும் கொடுத்து அவனுக்காக வாங்கிவைத்த நிம்மதியை நான் எப்படி எடுத்துவிடுவது என்று அடுத்த நாள் தோன்றும். இரண்டு பேருமே சரியாகத்தான் நடந்துகொண்டார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாராவது ஒருவர் தப்புப் பண்ணியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

இப்போது ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். சாயங்கால வகுப்பு நின்றுவிட்டது. ஆட்டோ அண்ணன் வழியில் பார்த்தால், "எப்ப டீச்சரம்மா மறுபடி?" என்பார். பார்க்கலாம்ணா என்பேன்.

போன தெவசத்துக்கு வந்தபோது அண்ணன் சொன்னான், "நீதான் எழுதுவியே. அம்மாவப் பத்தி எழுதேன். நல்ல இங்கிலீஷ்ல எழுது. ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பறேன்." அவன் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றை மறுக்க முடியாமல் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வரி வந்தது, இரண்டாவதும் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. இங்கிலீஷில் எழுத எழுத, அவளைப் படுக்கவைத்து அவள் தலைக்கு மேலே நானும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினால் அவன் படிப்பான்.

அதனால் தமிழில் எழுதினேன். அண்ணனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமலில்லை. ஆனால் பேப்பரில்கூடத் தலைப்பைத் தாண்டமாட்டான், பத்திரிகை வாங்குவதில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அவன் பேசியதற்கு ஒரு மொழி கிடைத்ததுபோல எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. சந்தோஷமாக இல்லை.

நேற்றுகூட ஃபோனில் கேட்டான், "எழுதிட்டியா?"

"எழுதிக்கிட்டே இருக்கேண்ணா."

"ரொம்ப சோகமா எழுதிடாத. அவங்க எப்படி சிரிச்சிக்கிட்டே இருந்தாங்கன்னு எழுது. ஹாட் வாட்டர் ரெடின்னு கூப்பிடுவாங்களே, அதெல்லாம் போடு."

"போடறேண்ணா."

"முடிச்சதும் எனக்குத்தான் மொதல்ல அனுப்பணும்."

"சரிண்ணா," என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். ஃபோனை வைத்தான்.